சொன்ன காரணம் வேறு, பிடித்த ஆள் வேறு

2023 மே 6 அன்று லண்டனில் மன்னர் மூன்றாம் சார்லஸுக்கு முடிசூட்டு விழா. ஊர்வலம் புறப்படுவதற்கு முன்பே, முடியாட்சி வேண்டாம் என்று வாதிடும் ‘ரிபப்ளிக்’ அமைப்பின் தலைவர் கிரஹாம் ஸ்மித் உட்பட ஆறு பேரைப் போலீஸ் கைதுசெய்தது. அவர்கள் ஒரு வேனிலிருந்து பதாகைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். போராட்டம் எங்கே, எத்தனை பேர் என்றெல்லாம் போலீஸோடு முன்கூட்டியே பேசி முடித்திருந்தார்கள். ஆனாலும் பதாகைகளைச் சேர்த்துக் கட்டியிருந்த பட்டைகள் போலீஸாரின் கண்ணை உறுத்தின. உடலைக் கம்பியோடு பிணைத்துக்கொள்ள உதவும் சாதனங்களாக அவை இருக்கலாம் என்று சொல்லி ஆறு பேரையும் கொண்டுபோனார்கள். அத்தகைய சாதனத்தைக் கையில் வைத்திருப்பதையே குற்றமாக்கும் சட்டப்பிரிவு அமலுக்கு வந்து அப்போது மூன்று நாள்தான். விழா முடிந்து, கூட்டம் கலைந்து, இரவான பிறகு வெளியே விட்டார்கள். வழக்கு ஏதும் போடவில்லை. சில நாளில் போலீஸ் வருத்தம் தெரிவித்தது. அதே விழாவை ஒட்டி, இரவு நேரத்தில் பெண்களின் பாதுகாப்புக்காகத் தெருவில் உதவும் வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சியின் தன்னார்வலர்களும் கைதானார்கள். ஆபத்து நேரத்தில் அலறும் கையடக்கக் கருவிகளை வைத்து அவர்கள் குதிரைப்படையை மிரட்டிவிடுவார்கள் என்பது சந்தேகம். போலீஸோடு சேர்ந்தே வேலை செய்துவந்தவர்கள் அவர்கள்.

பொது ஒழுங்குச் சட்டம் 2023 என்ற அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது அரசு சொன்ன காரணம் வேறு. பருவநிலைப் போராட்டக்காரர்கள் நெடுஞ்சாலைகளை மறித்து ஆம்புலன்ஸையும் வேலைக்குப் போகிறவர்களையும் முடக்குகிறார்கள் என்பதுதான் அன்றைய பேச்சு. முதலில் அகப்பட்டவர்களோ சாலையோரம் பதாகையோடு நிற்க வந்தவர்கள். பிரிட்டனில் தனிமனித சுதந்திரம் தேய்கிறது என்று எழுதுகிறவர்கள் ஆர்வெல்லின் பெயரைத்தான் முதலில் எடுக்கிறார்கள். எனக்கு அந்த ஒப்பீட்டில் நம்பிக்கையில்லை. சர்வாதிகாரக் கனவோடு வெஸ்ட்மின்ஸ்டரில் யாரும் உட்கார்ந்திருப்பதாகத் தெரியவில்லை. அங்கே நடப்பது இதைவிடச் சாதாரணமானது, ஆகவே தடுப்பதற்கும் கடினமானது. ஏதோ ஓர் அச்சத்தைக் காட்டி அகலமான சொற்களில் ஒரு சட்டத்தை எழுதுகிறார்கள். அச்சம் தணிகிறது, சட்டம் தணிவதில்லை. அதை எடுத்துப் பயன்படுத்த வேறோர் அதிகாரிக்கு வேறொரு காரணம் கிடைத்துவிடுகிறது.

இதற்குப் பழைய சான்று அடையாள அட்டை. 1939-இல் போர் மூண்டதும் தேசியப் பதிவுச் சட்டம் வந்தது. ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. ஆள் திரட்டல், உணவுப் பங்கீடு உட்பட மூன்றே மூன்று தேவைகளைச் சொல்லித்தான் அதைத் தொடங்கினார்கள். போர் முடிந்தும் அட்டை போகவில்லை. 11 ஆண்டுகளில் அதைப் பயன்படுத்தும் அரசு அமைப்புகள் 39 ஆகியிருந்தன. வண்டியை நிறுத்தினால் அட்டையைக் கேட்பது போலீஸுக்கு வழக்கமாகிவிட்டது. 1950 டிசம்பரில் வடக்கு லண்டனின் ஃபிஞ்ச்லியில் வேகமாக வந்ததற்காக நிறுத்தப்பட்ட கிளாரன்ஸ் வில்காக், அட்டையைக் காட்ட மறுத்தார். தான் லிபரல் கட்சிக்காரன், இந்த மாதிரி ஏற்பாடுகளுக்கு எதிரானவன் என்பதே அவர் சொன்ன காரணம். வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது, வில்காக் தோற்றார். சட்டம் ரத்தாகாதவரை அது சட்டம்தான் என்றது நீதிமன்றம். ஆனால், தலைமை நீதிபதி கோடார்ட் பிரபு தீர்ப்போடு நிற்கவில்லை. போருக்காகப் போட்ட சட்டத்தைப் போர் முடிந்த பிறகு வேறு காரியங்களுக்குப் பயன்படுத்துவது, சட்டத்துக்கு அடங்கி வாழ்கிறவர்களைக் குற்றவாளிகளாக்கும் வேலை என்று கண்டித்தார். 1952 பிப்ரவரியில் சர்ச்சில் அரசு அட்டையை ஒழித்தது. நீதிமன்றத்தில் தோற்ற ஒருவர் நாட்டின் வழக்கத்தையே மாற்றினார் என்பது உண்மை. அந்த அட்டை அமைதிக்காலத்தில் ஏழாண்டு நீடித்தது என்பதும் அதே அளவு உண்மை.

அட்டையையாவது கையில் பிடித்துப் பார்க்கலாம். கண்காணிப்பு அப்படியல்ல. 2000-ஆம் ஆண்டு விசாரணை அதிகாரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதுவரை எழுத்துபூர்வமான சட்டமே இல்லாமல் நடந்துகொண்டிருந்த ரகசியக் கண்காணிப்பை ஒரு வரம்புக்குள் கொண்டுவந்தது அது. அந்தப் பெருமையை அதற்குக் கொடுத்துவிடலாம். பயங்கரவாதிகளையும் கடத்தல் கும்பல்களையும் பற்றித்தான் பேச்சு இருந்தது. ஆனால், அதிகாரம் பெற்றோர் பட்டியலில் உள்ளாட்சி நிர்வாகங்களும் இருந்தன; அனுமதி கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே கட்டடத்து அதிகாரிகள். 2008-இல் தென் இங்கிலாந்தின் டோர்செட் கடற்கரையில் ஒரு நகராட்சி, மூன்று பிள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்தைச் சுமார் மூன்று வாரம் ரகசியமாகப் பின்தொடர்ந்தது. அவர்கள் செய்த குற்றம் என்ன? பிள்ளையைச் சேர்க்க விரும்பிய பள்ளியின் எல்லைக்குள் அவர்கள் உண்மையிலேயே குடியிருக்கிறார்களா என்ற சந்தேகம். தாய் எப்போது காரை எடுத்தார், பிள்ளைகள் எப்போது ஏறினார்கள், வண்டி எங்கே போனது என்று ஓர் ஊழியர் குறிப்பெடுத்துக்கொண்டே திரிந்தார். குடும்பம் அந்த எல்லைக்குள்தான் குடியிருந்தது. கதவைத் தட்டிக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். வேறு சில நகராட்சிகள் நாய் அசிங்கம் செய்ததைக் கண்டுபிடிக்கவும், குப்பை போட்டவரைப் பிடிக்கவும் இதே அதிகாரத்தைப் பயன்படுத்தின.

பயங்கரவாதச் சட்டம் 2000-இன் 44-ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையான கதை. அறிவிக்கப்பட்ட ஒரு பகுதிக்குள், எந்தச் சந்தேகமும் இல்லாமலே யாரையும் நிறுத்திச் சோதிக்கலாம் என்றது அது. அறிவிப்பு 28 நாளுக்குத்தான் செல்லும். லண்டன் போலீஸ் 28 நாளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்து, பெருநகரம் முழுவதையும் ஆண்டுக்கணக்கில் அறிவிக்கப்பட்ட பகுதியாகவே வைத்திருந்தது. அந்த நகரத்தில் நடமாடியவர்களுக்கு இது நெடுநாள் தெரியாது. 2005-இல் பிரைட்டனில் தொழிற்கட்சி மாநாட்டில் வெளியுறவு அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா இராக் போரை நியாயப்படுத்திப் பேசியபோது, “அபத்தம்” என்று குரல் கொடுத்த 82 வயது வால்டர் உல்ஃப்காங்கைத் தொண்டர்கள் தூக்கி வெளியேற்றினார்கள். திரும்பி உள்ளே வர முயன்றவரைப் போலீஸ் நிறுத்தியது, பயங்கரவாதச் சட்டத்தைச் சொல்லி. நாஜி ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதர் அவர். பிரதமர் பிளேர் மறுநாளே மன்னிப்புக் கேட்டார். கேட்காமல் இருந்திருக்க முடியாது, கேமராக்கள் எல்லாவற்றையும் பதிவுசெய்திருந்தன. கேமரா இல்லாத இடத்தில் நிறுத்தப்பட்டவர்களிடம் யார் மன்னிப்புக் கேட்டது? 2009-10-இல் மட்டும் பயங்கரவாதத் தடுப்பு அதிகாரத்தின் கீழ் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. அவற்றில் ஒன்றுகூடப் பயங்கரவாதக் குற்றத்துக்கான கைதில் முடியவில்லை.

அதே 2005-இல் வந்த இன்னொரு சட்டத்தின் பெயரே ‘கடுமையான திட்டமிட்ட குற்றங்கள் மற்றும் போலீஸ் சட்டம்’. நாடாளுமன்றத்தைச் சுற்றி முன் அனுமதி இல்லாமல் யாரும் போராடக் கூடாது என்ற விதியை அதற்குள் நுழைத்தார்கள். நாடாளுமன்றத்துக்கு எதிரே 2001 முதல் கூடாரம் போட்டு உட்கார்ந்திருந்த பிரையன் ஹா என்ற ஒற்றை மனிதரை அகற்றுவதுதான் நோக்கம் என்பது ஊரறிந்த ரகசியம். இராக்கில் மடிந்த பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களைப் போர் நினைவுத் தூணின் முன் நின்று வாசித்த மாயா எவன்ஸ் என்ற இளம்பெண் இந்த விதியின் கீழ் தண்டிக்கப்பட்டார். 2009 ஏப்ரலில் முள்ளிவாய்க்காலை நோக்கிப் போர் நெருங்கிக்கொண்டிருந்தபோது லண்டன் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு நாடாளுமன்றச் சதுக்கத்தில் இரண்டு மாதத்துக்கும் மேலாகப் போராடினார்களே, அதுவும் முன் அனுமதி இல்லாமல் தொடங்கியதுதான். போலீஸ் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டது. அந்தச் சதுக்கத்தில் நிற்பது அவர்களின் உரிமையாக இல்லாமல், அன்றைய அதிகாரியின் மனப்போக்கைப் பொறுத்த சலுகையாக இருந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது. மனப்போக்கு மாறினால் என்ன ஆகும் என்பதை அதே சதுக்கம் 2025-இல் காட்டியது. விடுதலைப் புலிகளை 2001-இல் எந்தச் சட்டத்தின் கீழ் பிரிட்டன் தடைசெய்ததோ, அதே சட்டத்தின் கீழ் 2025 ஜூலையில் ‘பாலஸ்தீன் ஆக்‌ஷன்’ அமைப்பைத் தடைசெய்தது. விமானப்படைத் தளத்துக்குள் புகுந்து இரண்டு விமானங்கள் மீது பெயின்ட் அடித்தது அந்த அமைப்பு. அது குற்றம்தான், தண்டிக்கச் சாதாரணச் சட்டமே போதும். ஆனால், தடை வந்ததும் ஆதரவு வாசகம் எழுதிய அட்டையைப் பிடித்து உட்கார்ந்திருப்பதே பயங்கரவாதக் குற்றமாகிவிட்டது. ஆகஸ்ட் 9 அன்று ஒரே நாளில் 500-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள்.

ஏன் இப்படி நடக்கிறது? சட்டத்தை எழுதுகிறவர்கள் நாளை எந்த ஆபத்து வரும் என்று தெரியாமல் எழுதுகிறார்கள். ஆகவே எதுவும் தப்பிவிடக் கூடாது என்று சொற்களை அகலமாக வைக்கிறார்கள். சபையில் யாராவது இடித்துக் கேட்டால், இதை அப்படியெல்லாம் பயன்படுத்த மாட்டோம் என்று அமைச்சர் வாக்குறுதி தருகிறார். வாக்குறுதி பதிவேட்டில் இருக்கும், சட்டத்தில் இருக்காது. அமைச்சர் மாறிப்போவார், சட்டம் இருக்கும். பிறகு அதைக் கையில் எடுக்கும் நகராட்சி ஊழியருக்கோ காவலருக்கோ தீய எண்ணம் தேவையில்லை. முன்னால் ஒரு சிக்கல், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு அதிகாரம், அவ்வளவுதான். பெரிய குற்றவாளியைப் பிடிப்பது கடினம், சின்ன ஆள் எளிதில் அகப்படுவான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொலைபேசி இணைப்பகப் பெண்களை ஆபாசமாகத் திட்டுகிறவர்களைத் தண்டிக்க 1935-இல் அஞ்சல் துறைச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அது அடுத்தடுத்த சட்டங்கள் வழியே தொடர்ந்து 2003-இன் தகவல்தொடர்புச் சட்டத்தில் 127-ஆம் பிரிவாக வந்து நின்றது. 2010 ஜனவரியில் பனியால் மூடப்பட்ட விமான நிலையத்தை வெடித்துத் தகர்த்துவிடுவேன் என்று ட்விட்டரில் எரிச்சலில் கேலியாக எழுதிய இளைஞர் ஒருவர் அதே பிரிவில் தண்டனை பெற்றார், வேலையையும் இழந்தார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் அவசரமாக நிறைவேறிய பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டுதான் 2008-இல் ஐஸ்லாந்தின் லான்ட்ஸ்பாங்கி வங்கியின் சொத்துகளை பிரிட்டன் முடக்கியது என்பதை ஐஸ்லாந்துக்காரர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆபத்து உண்மையானது என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் வலுவான மறுப்பு. 2005 ஜூலை 7 அன்று லண்டன் சுரங்க ரயில்களிலும் ஒரு பேருந்திலும் குண்டு வெடித்து 52 பேர் இறந்தார்கள். அதற்கு முன் ஐரிஷ் குடியரசுப் படையின் குண்டுகள். அரசு கைகட்டி நிற்க முடியாது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால், ஆபத்து எவ்வளவு பெரிதோ அவ்வளவு துல்லியமாகச் சட்டம் இருக்க வேண்டும் என்பதற்கு பிரிட்டனின் வரலாறே சாட்சி. 1974 நவம்பர் 21 அன்று பர்மிங்ஹாம் மதுக்கூடங்களில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். எட்டே நாளில் பயங்கரவாதத் தடுப்பு (தற்காலிக ஏற்பாடுகள்) சட்டம் நிறைவேறியது. இந்த அதிகாரங்கள் மிகக் கொடியவை என்று உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸே ஒப்புக்கொண்டுதான் கொண்டுவந்தார். வழக்குப் போடாமல் ஏழு நாள் வரை காவலில் வைக்கலாம். சட்டம் வந்த வேகத்தில் அதன் கீழ் பிடிபட்டவர்களில், கில்ட்ஃபோர்ட் குண்டுவெடிப்பு வழக்கில் சிக்கிய ‘கில்ட்ஃபோர்ட் நால்வரும்’ இருந்தார்கள். காவலில் வாங்கிய வாக்குமூலங்களை வைத்து ஆயுள் தண்டனை. செய்யாத குற்றத்துக்கு ஏறத்தாழ 15 ஆண்டு சிறை. 1989-இல்தான் விடுதலை. அகலமான அதிகாரம் தவறான ஆளைப் பிடித்தது, சரியான ஆள் வெளியே இருந்தான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியும் எலி தப்பிவிட்ட கதை. ‘தற்காலிகம்’ என்று பெயரிலேயே வைத்திருந்த அந்தச் சட்டம் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்பட்டு, மாற்றி எழுதப்பட்டு, 2000-இல் நிரந்தரச் சட்டம் வரும்வரை வாழ்ந்தது.

நீதிமன்றங்கள் திருத்திவிடுகின்றனவே, பிறகென்ன என்று கேட்பவர்களுக்கும் நியாயம் உண்டு. திருத்தத்தான் செய்கின்றன. 44-ஆம் பிரிவு மனித உரிமை மீறல் என்று 2010-இல் ஸ்ட்ராஸ்பர்க் நீதிமன்றம் சொன்னது. டோர்செட் குடும்பத்தைப் பின்தொடர்ந்தது சட்டவிரோதம் என்று அதே ஆண்டு தீர்ப்பாயம் சொன்னது. விமான நிலைய இளைஞர் 2012-இல் விடுதலையானார். ஆண்டுகளைக் கவனியுங்கள். ஸ்ட்ராஸ்பர்க் தீர்ப்புக்குக் காரணமான சோதனை நடந்தது 2003-இல், ஆயுதக் கண்காட்சிக்கு எதிரான போராட்டத்தின்போது. ஏழு ஆண்டு வழக்கு நடத்த நிறுத்தப்பட்டவர்களில் எத்தனை பேரால் முடியும்? முடிசூட்டு நாளின் 16 மணி நேரக் காவலுக்கா இத்தனை புலம்பல் என்று நம் வாசகர்கள் கேட்கலாம். போராட்டக்காரருக்கு அந்த ஒரு நாள்தான் முக்கியம். முடிசூட்டு விழா அடுத்த வாரம் மறுபடி நடக்காது. தாமதமாக வரும் தீர்ப்பு அடுத்தவருக்கு உதவும், பிடிபட்டவருக்கு அந்த நாளைத் திருப்பித் தராது.

மக்களே இதைக் கேட்கிறார்கள் என்பது மூன்றாவது வாதம். பெருந்தொற்றுக் காலம் இதை ஓரளவு மெய்ப்பித்தது. ஊரடங்குக்கு ஆதரவு பெரிதாகவே இருந்தது. நோய்ப் பரவலைத் தடுக்க வீட்டில் இருங்கள் என்று அரசு சொன்னதை நானும் குறைசொல்லவில்லை. குறை அந்த விதிகள் பிறந்த விதத்தில். 2020 மார்ச் 26 அன்று அமைச்சர் கையெழுத்திட்ட கணமே விதிகள் அமலுக்கு வந்தன. நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது மே மாதத்தில். விதி எது, அறிவுரை எது என்று காவலர்களுக்கே பிடிபடவில்லை. டெர்பிஷயர் போலீஸ் குன்றில் நடந்து போகிறவர்களை ட்ரோனில் படம்பிடித்து வெளியிட்டது. 2021 ஜனவரியில் அதே போலீஸ் ஏரிக்கரையில் காபிக் கோப்பையோடு நடந்த இரண்டு தோழிகளைத் தடுத்து, சூடான பானம் இருந்தால் அது பிக்னிக் கணக்கில் வரும் என்று தலைக்கு 200 பவுண்டு அபராதம் விதித்தது, பிறகு ரத்துசெய்தது. கொரோனா வைரஸ் சட்டத்தின் கீழ் போடப்பட்ட வழக்குகளை முதல் ஆண்டில் அரசு வழக்கறிஞர் துறை மறுஆய்வு செய்தபோது, ஒவ்வொன்றும் தவறாகப் போடப்பட்டது என்று தெரிந்தது. மக்கள் ஆதரித்தது ஊரடங்கை. காபிக் கோப்பைக்கு அபராதம் போடச் சொல்லி யாரும் வாக்களிக்கவில்லை. விதிகளை எழுதிய அரசின் தலைவர் போரிஸ் ஜான்சனும், நிதியமைச்சர் ரிஷி சுனக்கும் அதே விதிகளை மீறியதற்காக 2022-இல் அபராதம் கட்டியது இந்தக் கதையின் இணைப்பு.

இதெல்லாம் தவிர்க்க முடியாதது என்று நினைக்க வேண்டியதில்லை. 2010-இல் வந்த கூட்டணி அரசு, பிளேர் காலத்தில் தொடங்கிய புதிய அடையாள அட்டைத் திட்டத்தைக் கைவிட்டு அதன் தரவுத்தளத்தையும் அழித்தது. வழக்கில்லாமல் காவலில் வைக்கும் காலம் 28 நாளிலிருந்து 14 நாளாகக் குறைந்தது. 2012-இன் சுதந்திரப் பாதுகாப்புச் சட்டமும் அதே ஆண்டில் வந்த ஒரு துணைவிதியும், நகராட்சி யாரையாவது ரகசியமாகக் கண்காணிக்க வேண்டுமானால் மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும், குற்றமும் பொதுவாக ஆறு மாதச் சிறைக்குரியதாக இருக்க வேண்டும் என்றன. நாய் அசிங்கத்துக்கு உளவு பார்ப்பது அத்தோடு சட்டப்படி முடிந்தது. நாடு பாதுகாப்பிழந்துவிடவில்லை. அந்தத் திருத்தம் செய்தது எளிய வேலை: எதற்காக என்பதை அமைச்சரின் வாயிலிருந்து எடுத்துச் சட்டத்தின் வாசகத்துக்குள் வைத்தது; அனுமதி கேட்பவரையும் கொடுப்பவரையும் பிரித்தது. பிரதமர் ஸ்டார்மர் 2025 செப்டம்பரில் டிஜிட்டல் அடையாள அட்டையை அறிவித்தபோதும் இதைத்தான் கேட்டிருக்க வேண்டும். சட்டவிரோதமாக வேலை பார்ப்பதைத் தடுப்பதுதான் நோக்கம் என்றார். அதே மூச்சில் அரசுச் சேவைகளுக்கும் இது வசதி என்றும் சொல்லப்பட்டது. 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். அட்டை ஒன்று, நோக்கம் எத்தனை? மூன்று 39 ஆன கணக்கை அந்த நாடு ஏற்கெனவே ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கிறது.

கட்சி மாறினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரம் குறைவு. போராட்டங்களைப் போலீஸ் கட்டுப்படுத்த ‘கடுமையான இடையூறு’ இருக்க வேண்டும் என்பது பழைய விதி. 2023-இல் கன்சர்வேட்டிவ் அரசு ஒரு துணைவிதி போட்டு, ‘சிறிதளவுக்கு மேல்’ இருந்தாலே அது கடுமையானது என்று ஆக்கியது. கொடுமை என்னவென்றால், அதே மாற்றத்தைப் பிரபுக்கள் சபை அதற்குச் சில மாதம் முன்புதான் நிராகரித்திருந்தது. ‘லிபர்ட்டி’ என்ற உரிமை அமைப்பு வழக்குப் போட்டது. 2024 மே மாதத்தில் உயர் நீதிமன்றம் அந்தத் துணைவிதி செல்லாது என்றது. இரண்டு மாதத்தில் ஆட்சி மாறியது. புதிய தொழிற்கட்சி அரசு முந்தைய அரசின் மேல்முறையீட்டைத் திரும்பப் பெறவில்லை. தொடர்ந்து நடத்தி 2025 மே மாதத்தில் தோற்றது. அதே ஆண்டு அக்டோபரில் மான்செஸ்டர் யூத வழிபாட்டுத் தலத்தில் கொலைத் தாக்குதல் நடந்த சில நாளில், ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் போராட்டங்களின் மொத்தப் பாதிப்பைக் கணக்கில் எடுத்துக் கட்டுப்பாடு விதிக்கப் போலீஸுக்கு அதிகாரம் தரப்போவதாக உள்துறை அமைச்சர் ஷபானா மஹ்மூத் அறிவித்தார். யூத மக்களின் அச்சம் உண்மையானது, அதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால், ‘திரும்பத் திரும்ப’ என்ற சொல்லுக்கு அந்த அச்சம் மட்டுமே எல்லையாக இருக்காது. வாரிசுரிமை வரியை எதிர்த்து டிராக்டர்களோடு வெஸ்ட்மின்ஸ்டருக்கு மீண்டும் மீண்டும் வந்த விவசாயிகளும் அந்தச் சொல்லுக்குள் அடங்குவார்கள்.